பி.டி. பீரியடில் விழுந்த ஜன்னல்: ஒரு நகரத்தின் தலைக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர்கள்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

2017 டிசம்பர் 13. ஜப்பானின் தென்மேற்கே இருக்கும் ஒகினாவா தீவு. அங்கே கினோவான் என்ற நகரத்தில் ஃபுதென்மா இரண்டாம் தொடக்கப்பள்ளி. காலை பத்து மணி வாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மைதானத்தில் பி.டி. பீரியடில் இருக்கிறார்கள். மேலே அமெரிக்க மரீன் படையின் சி.ஹெச்.-53 ரக ஹெலிகாப்டர் ஒன்று போகிறது. அதிலிருந்து ஒரு ஜன்னல், சட்டத்தோடு சேர்த்து, கழன்று மைதானத்தில் வந்து விழுகிறது.

கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டருக்கு 90 சென்டிமீட்டர். எடை 7.7 கிலோ. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் அதற்கும் பத்துப் பதின்மூன்று மீட்டர் தூரம்தான். ஒரு பையனுக்கு லேசான காயம். அவ்வளவோடு போனது.

"அப்பாடா, ஒண்ணும் ஆகலையே" என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் உண்மையான கதை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதே ரக ஹெலிகாப்டர்கள் ஆறே நாளில் மறுபடி பறக்க ஆரம்பித்தன. பள்ளி மைதானமோ அடுத்த பிப்ரவரி வரைக்கும் பூட்டித்தான் கிடந்தது. யோசிச்சுப் பாருங்க: ஜன்னலைக் கீழே போட்ட ஹெலிகாப்டருக்கு ஆறு நாள் ஓய்வு, கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் தடை.

மைதானம் திறந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஆட்களை நிறுத்தி வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஹெலிகாப்டர் இந்தப் பக்கம் வருவது போலத் தெரிந்தால் உடனே குரல் கொடுப்பார்கள். பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் ஓட வேண்டும். அது போனதும் திரும்பி வரலாம். அடுத்தது வந்தால் மறுபடி ஓடணும். சில மாதங்களில் இப்படி ஓடியது நூற்றுக்கணக்கான முறை. பிறகு மைதானத்திலேயே கான்கிரீட் கூரை போட்ட ஒதுங்குமிடங்களைக் கட்டினார்கள். மழைக்கு ஒதுங்குகிற மாதிரி ஹெலிகாப்டருக்கு ஒதுங்க.

இது போர் நடக்கிற ஊர் இல்லைங்க. அமைதியான, வசதியான ஒரு நாட்டின் நகரம். அங்கே எப்படி இந்த நிலைமை? நெரிசலான ஊரின் மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் ஓயாமல் பறந்தால் அதை யார் கேட்கலாம், யார் தடுக்கலாம்? அதுதான் இன்றைய எபிசோட்.

ஊரின் நடுவே ஒரு ஓடுபாதை

முதலில் வரைபடம். கினோவானின் மொத்தப் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதன் நட்டநடுவில் ஃபுதென்மா மரீன் விமானத்தளம். நகரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி, அதாவது சுமார் 4.8 சதுர கிலோமீட்டர், தளத்துக்கே போய்விடுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மீதி இடத்தில்தான் வாழ்கிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள மெதுவடையைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஓட்டை இருக்கும் இடத்தில் ராணுவத் தளம், சுற்றியிருக்கும் வடையில் வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம்.

தளத்துக்குள் 2,700 மீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை. அதன் இரண்டு முனைக்கு வெளியிலும் உடனே குடியிருப்புகள்தான். அமெரிக்காவில் ராணுவ விமானத்தளம் என்றால் ஓடுபாதை முனையைத் தாண்டி ஒரு குறிப்பிட்ட பகுதியைக் காலியாக வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விபத்து நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் அது என்பதுதான் காரணம். அதே அளவுகோலை ஃபுதென்மாவின் மேல் வைத்துப் பார்த்தது கினோவான் நகராட்சி. காலியாக இருக்க வேண்டிய அந்தப் பகுதிக்குள் சுமார் 800 வீடுகள், 3,600 பேர், பள்ளிகளும் காப்பகங்களும் உட்பட 18 பொது இடங்கள். அமெரிக்காவுக்குள் ஏற்றுக்கொள்ளாத ஒரு அமைப்பு, அமெரிக்கப் படையின் தளத்தைச் சுற்றியே இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். இணையத்தில் இந்த விஷயத்தை எடுத்தாலே முதலில் வருவதும் அதுதான்: "தளம் முதல்லயே இருந்துச்சு. இவங்கதானே பக்கத்துல போய் வீடு கட்டிக்கிட்டாங்க?" ஜன்னல் விழுந்த பிறகு பள்ளிக்கே போன் போட்டு இப்படித் திட்டியவர்கள் உண்டு.

பதில் 1945-இல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஒகினாவாவில் நடந்த கொடூரமான சண்டைக்கு நடுவே, அமெரிக்கப் படை கைப்பற்றிய நிலத்தில் இந்தத் தளத்தைக் கட்டியது. அது வெறும் காடு இல்லை. ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், விளைநிலங்கள், பைன் மரங்கள் வரிசையாக நின்ற புகழ்பெற்ற சாலை எல்லாம் அங்கேதான் இருந்தன. போர் முடிந்து முகாம்களில் இருந்து ஜனங்கள் திரும்பி வந்தபோது, சொந்த ஊர் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் கிடைத்த இடத்தில் குடியேறினார்கள். இன்றைக்கும் தளத்தின் நிலத்தில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமானது. அதற்கு வாடகை தருவது ஜப்பான் அரசு. அந்த வாடகையை நம்பி இருக்கும் குடும்பங்களும் ஊரில் உண்டு. ஊருக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெலிகாப்டர் சத்தம் ஏன் வேற மாதிரி?

"சத்தம்தானே, பழகிடும்" என்று சொல்வோம். ஹெலிகாப்டர் விஷயத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

விமானத்தின் சத்தம் பெரும்பாலும் ஒரு இரைச்சல்: வரும், போகும். ஹெலிகாப்டரின் விசிறி இறக்கைகளோ காற்றைத் திரும்பத் திரும்ப அறைகின்றன. "டப டப டப" என்று நாம் கேட்பது அந்த அறைகள்தான். சி.ஹெச்.-53-இன் பெரிய ரகத்தில் ஏழு இறக்கைகள். அவை சுற்றும் வேகத்துக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய இருபது அறைகள் விழும். மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலியின் கீழ் எல்லையும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. அதனால் காதில் கேட்பதில் பாதி, நெஞ்சில் உணர்வதில் பாதி என்று ஆகிவிடுகிறது.

இந்த மாதிரித் தாழ்ந்த அலைகளைச் சுவர் சரியாகத் தடுக்காது. கிரீச்சென்ற சத்தத்தை ஜன்னலை மூடிக் குறைத்துவிடலாம். தாழ்ந்த அதிர்வு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவு நடுங்கும், அலமாரியில் பாத்திரம் கடகடக்கும். இரட்டைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தாலும் முழுசாகத் தீராத பிரச்சினை இது. 2010-இல் ஃபுதென்மா இரைச்சல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தாழ்அலைச் சத்தம் மனவேதனை தருகிறது என்பதை ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றும் இருக்கிறது. விமானம் ஒரே பாதையில் வந்து இறங்கிவிடும். ஹெலிகாப்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பயிற்சி என்றால் ஏறணும், வட்டமடிக்கணும், இறங்குவது போல வந்து மறுபடி ஏறணும். ஒரே ஹெலிகாப்டர் ஒரே வீட்டின் மேல் ஒரே மாலையில் பலமுறை வரும். 2012-இல் இருந்து ஆஸ்ப்ரேயும் சேர்ந்துகொண்டது. ஹெலிகாப்டர் போல எழும்பி விமானம் போலப் பறக்கும் ரகம் அது. கினோவான் நகராட்சி 24 மணி நேரமும் புகார் வாங்குவதற்கென்றே தனி எண் வைத்திருக்கிறது. கைக்குழந்தை தூங்கவில்லை, பிள்ளை பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று நள்ளிரவில் போன் வரும் ஊர் அது.

கழன்றது ஒரே ஒரு ஊசி

சத்தம் தினசரி தொல்லை. பயம் வேற.

2004 ஆகஸ்ட் 13. தளத்தை ஒட்டியே இருக்கும் ஒகினாவா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் ஒரு சி.ஹெச்.-53 விழுந்து, கட்டடத்தில் மோதி எரிந்தது. கோடை விடுமுறை என்பதால் மாணவர்கள் அதிகம் இல்லை. ஹெலிகாப்டரில் இருந்த மூன்று பேருக்குக் காயம். ஊர்க்காரர்கள் யாரும் சாகவில்லை. ஆனால் துண்டுகள் அக்கம்பக்கத்து வீடுகள் வரை தெறித்தன. கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்த ஒரு அறைக்குள் ஜன்னலை உடைத்துக்கொண்டு கான்கிரீட் துண்டு வந்தது. சற்று முன்புதான் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருந்தார்.

காரணம்? வால்பகுதி விசிறியின் கட்டுப்பாட்டுப் பாகத்தில் போட வேண்டிய ஒரு பூட்டு ஊசியைப் பராமரிப்பு வேலையில் போடாமல் விட்டுவிட்டார்கள். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் 'காட்டர் பின்'. ஈராக்குக்கு அனுப்பும் அவசரத்தில், ஊழியர்கள் மிக நீண்ட ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2017-இல் விழுந்த ஜன்னலுக்கும் மரீன் படை சொன்ன காரணம் மனிதத் தவறு: புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியதைச் சரிபார்க்கவில்லை. ராணுவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகவே மோசமானவை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மனிதர்கள் தவறு செய்வார்கள், பாகங்கள் தேயும். அந்தத் தவறுக்குக் கீழே கடல் இருக்கிறதா, காடு இருக்கிறதா, பி.டி. பீரியட் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். எத்தனை அதிகமாகப் பறக்கிறார்களோ, அத்தனை முறை அந்தச் சீட்டைக் குலுக்குகிறோம்.

ஒகினாவாக்காரர்களுக்கு இது கற்பனை பயம் இல்லை. 1959-இல் இஷிகாவா என்ற ஊரில் மியாமோரி தொடக்கப்பள்ளி மேல் ஒரு அமெரிக்கப் போர்விமானம் விழுந்தது. அன்று பிள்ளைகள் 11 பேர், அக்கம்பக்கத்தவர் 6 பேர் உயிரிழப்பு. அந்த நினைவோடு இருக்கும் தீவில்தான் 2017-இல் ஜன்னல் விழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜப்பானில் விமானம், ஹெலிகாப்டர் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச உயர விதி இருக்கிறது. மக்கள் அடர்ந்த பகுதியில், சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான கட்டடத்தில் இருந்து இன்னும் 300 மீட்டர் மேலே பறக்கணும். நல்ல விதி. ஆனால் 1952-இல் வந்த ஒரு சிறப்புச் சட்டம், இந்த விதியில் இருந்து அமெரிக்கப் படைக்கு விலக்கு கொடுத்துவிட்டது.

சரி, தனி ஒப்பந்தம் போட்டார்களா என்றால், போட்டார்கள். 1996 மார்ச்சில் இரண்டு அரசுகளும் இரைச்சல் குறைப்பு ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தன. பள்ளி, ஆஸ்பத்திரி மேல் பறப்பதைக் கூடுமானவரை தவிர்க்கணும். இரவு 10 முதல் காலை 6 வரை, செயல்பாட்டுத் தேவை என்று கருதப்படும் பறப்புகள் மட்டும். இந்த "கூடுமானவரை", "தேவை என்று கருதப்படும்" இரண்டையும் கவனிங்க. எது தேவை என்று தீர்மானிப்பது பறக்கிறவர்களே. அதனால் இரவு 10 மணிக்கு மேல் பறந்தாலும் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகாது.

ஜன்னல் விழுந்த பள்ளியின் மேல் பறப்பதை முடிந்தவரை தவிர்ப்போம் என்றுகூடச் சொன்னார்கள். 2018 ஜனவரி 18 அன்று மூன்று ஹெலிகாப்டர்கள் அந்தப் பள்ளியின் மேல் பறந்ததாக ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் கேமரா பதிவை வைத்துச் சொன்னது. பறக்கவில்லை என்றது மரீன் படை. நேச நாடுகளின் இரண்டு தரப்பும் ஒரே வானத்தைப் பார்த்து வேற வேற பதில் சொன்னார்கள்.

அப்போ கோர்ட்டுக்குப் போகலாமே? போனார்கள், பலமுறை. ஃபுதென்மாவைச் சுற்றி வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நீதிமன்றங்கள் சொன்னதைச் சுருக்கினால்: சத்தம் தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது, அது சட்டவிரோதம், நஷ்டஈடு கொடுங்கள். பறப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் என்ற கோரிக்கை மட்டும் தள்ளுபடி. தளத்தை இயக்குவது அமெரிக்கப் படை, ஜப்பான் அரசு அதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது காரணம். நஷ்டஈட்டுப் பணம் வருவது ஜப்பானியர்களின் வரியில் இருந்து. அதாவது தூக்கம் கெட்டவரின் வரிப்பணமே தூக்கம் கெட்டதற்கு ஈடாகத் திரும்பி வருகிறது. சத்தம் அப்படியே இருக்கிறது.

தளத்தை மாற்றினால் என்ன?

மாற்றுவதாகத்தான் சொன்னார்கள். 1995-இல் அமெரிக்கப் படையினர் மூன்று பேர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திப் பாலியல் வன்கொடுமை செய்த சம்பவத்துக்குப் பிறகு ஒகினாவா கொந்தளித்தது. கினோவானில் நடந்த கண்டனக் கூட்டத்துக்கு 85,000 பேர் வந்தார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். 1996 ஏப்ரலில், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் ஃபுதென்மாவைத் திருப்பித் தருவோம் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் கணக்குப்படி 2003-இல் முடிந்திருக்கணும். ஜன்னல் விழுந்தது 2017-இல்.

தாமதத்துக்குக் காரணம், திருப்பித் தர ஒரு நிபந்தனை: மாற்றுத்தளம் வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்த இடமும் ஒகினாவாவிலேயே, வடக்கே ஹெனோகோ கடற்கரை. பவளமும் கடற்பசுவும் உள்ள கடலை மண் கொட்டி மூட வேண்டும். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா வெறும் 0.6 சதவீதம். ஆனால் அமெரிக்கப் படைக்கென்றே உள்ள இடங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இங்கேதான். "எங்க வீட்டு ஹாலில் இருக்கிற பாரத்தை எங்க வீட்டுத் திண்ணைக்கே மாற்றுவதா?" என்பது அவர்கள் கேள்வி. 2019 பிப்ரவரியில் நடந்த மாகாண வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது, வேலை தொடர்ந்தது. கடலடி மண் களிமண்ணாக இளகி இருப்பதால் அதைப் பலப்படுத்தவே பல ஆண்டுகள் ஆகும். 2030-களின் நடுப்பகுதிக்கு முன்னால் முடியாது என்பதுதான் அரசின் கணக்கு.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகச் சொல்லணும். ஒகினாவா தைவானுக்குப் பக்கம். சீனாவைப் பற்றிய கவலை கற்பனை இல்லை. இரவில் பறந்து பழகாத ஹெலிகாப்டர் ஓட்டி, உண்மையான ஆபத்தில் தானும் விழுவார், கூட இருப்பவர்களையும் விழவைப்பார். பயிற்சி தேவைதான். அதைப் பிள்ளைகள் தலைக்கு மேலே செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இது ஒகினாவா கதை மட்டுமா?

"வெளிநாட்டுப் படை என்பதால்தான் இப்படி, சொந்த நாட்டுப் படையாக இருந்தால் கேள்வி கேட்க முடியும்" என்று தோணலாம். அப்படியானால் வாஷிங்டனைப் பாருங்க. அங்கே மூன்றாண்டுகளில், 2017 முதல் 2019 வரை, நகர விமான நிலையத்தைச் சுற்றி 30 மைலுக்குள் சுமார் 88,000 ஹெலிகாப்டர் பறப்புகள் நடந்ததாக அரசின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ராணுவத்தினுடையவை. குடியிருப்பவர்கள் வருடக்கணக்காகச் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னார்கள்.

2025 ஜனவரி 29 இரவு, பயிற்சியில் இருந்த ஒரு பிளாக் ஹாக் ராணுவ ஹெலிகாப்டரும் தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் போடோமாக் ஆற்றின் மேல் மோதின. 67 பேரும் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது இன்னும் பயங்கரம். 2021 அக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்த விமான நிலையத்தின் அருகே பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் அளவுக்கு மீறி நெருங்கியது 15,214 முறை. அதில் 85 முறை மிகவும் ஆபத்தான நெருக்கம். எல்லாம் அரசின் பதிவுகளிலேயே இருந்தது. விபத்துக்குப் பிறகுதான் அந்த ஹெலிகாப்டர் பாதையை மூடினார்கள்.

கினோவானையும் வாஷிங்டனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பது பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது. ஆயிரம் முறை தப்பியது என்பதை ஆயிரம் எச்சரிக்கை என்றும் படிக்கலாம்.

அதனால் எந்த ஊரிலும் தலைக்கு மேலே டப டப சத்தம் அடிக்கடி கேட்க ஆரம்பித்தால், கோபப்படுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்குப் பறக்கிறார்கள்? அதை எண்ணுகிறது யார்? எண்ணிக்கையை மக்களுக்குச் சொல்கிறார்களா? விதியில் "கூடுமானவரை" இருக்கிறதா, "கூடாது" இருக்கிறதா? ஏதாவது விழுந்தால் முதலில் உள்ளே போய் விசாரிப்பது யார்? 2004-இல் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோது, அமெரிக்கப் படையினர் இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளூர் போலீஸால் விசாரணைக்கு உள்ளே போக முடியவில்லை. அது நடந்தது அவர்களின் சொந்த ஊரின் நடுவே.

ஃபுதென்மா இரண்டாம் பள்ளியில் அன்றைக்கு மைதானத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது பதின்பருவத்தின் முடிவில் இருப்பார்கள். உங்களில் பலரை விடக் கொஞ்சம்தான் இளையவர்கள். தளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு வந்த பிள்ளைகள் அதே மைதானத்தில் பி.டி. பீரியடுக்கு வருகிறார்கள். ஓரத்தில் அந்தக் கான்கிரீட் கூரைகள் நிற்கின்றன.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.